லென்னி ஹாஸ்லம் வாங்கிய ஐநூறு பவுண்டு

கால்டர்ஷாவில் லென்னி ஹாஸ்லம் லஞ்சம் வாங்கிய விஷயம் எல்லோருக்கும் தெரியும். தொகையில்தான் அபிப்பிராய பேதம். முடிவெட்டும் கடையில் ஐநூறு பவுண்டு என்கிறார்கள். மீன் வறுவல் கடை வரிசையில் நின்றால் அது ஆயிரமாகிவிடுகிறது. கூடவே மனைவியோடு ஸ்பெயின் கடற்கரையில் ஒரு வாரம், சாப்பாடு உட்பட. மெதடிஸ்ட் கோவிலில் பூ அடுக்கும் அம்மாள் மட்டும் கிறிஸ்தவ இரக்கத்தோடு இருநூற்றைம்பதில் நிறுத்திக்கொள்கிறார்.

எதற்காக வாங்கினார் என்பதில் ஊருக்கு ஒரே குரல். 'டவுன்' என்று ஊரார் அழைக்கும் கால்பந்து கிளப்பை விலைக்குக் கேட்டு வந்த டெலமேர் என்ற சீமானுக்காக, போட்டிகளை நடத்தும் லீக்கின் அலுவலகத்து வாசலில் நின்று முரசு அடித்தாராம். லீக் மிரண்டுபோய் விற்பனைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டதாம். டெலமேர் கிளப்பை வாங்கி, மைதானத்தைத் தின்று, எலும்பைத் துப்பிவிட்டுப் போனார். ஆகவே குற்றவாளி லென்னி. வழக்கு முடிந்தது.

வதந்திக்கு வால் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் என்றைக்காவது தலை தென்படும். முடிவெட்டுபவருக்குச் சொன்னது தபால்காரர். தபால்காரருக்குச் சொன்னது கோலின் பிக்கப், டவுன் ரசிகர் சங்கத்தின் தலைவர். கோலினுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்கே சிரிப்பு வருகிறது.

"யாரு சொல்லணும்? அவனேதான் சொன்னான். வீவர்ஸ் ஆர்ம்ஸ் பப்ல, என் மூஞ்சிக்கு நேரா. 'ஆமா, ஐநூறு வாங்கினேன்'னு."

வாங்கினவன் மறைப்பான், வாங்காதவன் மறுப்பான். தானே சபையில் எழுந்து 'வாங்கினேன்' என்பவனை எந்தக் கூடையில் போடுவது? அங்கேதான் கதை இருக்கிறது.

லென்னி பதினான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர். ரயில் நிலையத்தில் தொடங்கி வாஷ்ஹவுஸ் லேன் மைதானத்து வேலியோரம் முடிகிற தடம். சனிக்கிழமை மட்டும் லீவு கேட்பார், கொடுத்துவிடுவார்கள். கொடுக்காமல் என்ன, அன்று பிற்பகல் ஊரில் பாதி அவரைச் சுற்றித்தான் நிற்கும். கிழக்குக் கேலரியின் முதல் வரிசையில், கம்பியோடு கட்டிய பெரிய முரசுக்குப் பின்னால், மஞ்சள் கறுப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நிற்பார். மூடிப்போன பஞ்சாலையின் பித்தளை வாத்தியக் குழு விட்டுச்சென்ற முரசு அது. அசல் கன்றுத்தோல். பெயர் எல்சி. அது அவருடைய மாமியாரின் பெயர். குரல் ஒற்றுமை கருதி வைத்தது.

டவுன் ஜெயிப்பது கால்டர்ஷாவில் வெயில் அடிப்பதைப் போல. நடக்கும், ஆனால் அதை நம்பித் துணி காயப்போட முடியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்சி முழங்கும். லென்னி கையை உயர்த்தினால் மூவாயிரம் பேர் வாயைத் திறப்பார்கள், இறக்கினால் மூடுவார்கள். வாரத்தில் மற்ற நாட்களில் 'சில்லறை இல்லையா, அடுத்த பஸ்ல வா' என்று சொல்வதைத் தவிர வேறு அதிகாரம் இல்லாத ஒரு மனிதருக்கு இது சாமானியப் போதை இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உதவும்.

கிளப்பின் பழைய முதலாளி என்ட்விஸில் என்ற கம்பளக் கடைக்காரர். அவருக்கு இதய நோய். வைத்தியர் உப்பையும் கால்பந்தையும் விடச் சொன்னார். உப்பை அவரால் விட முடியவில்லை. கிளப்பை விற்கப்போவதாக அறிவித்ததும் வந்து சேர்ந்தார் ரூபர்ட் டெலமேர்.

முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒட்டக நிறக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், யாரைப் பார்த்தாலும் அன்றுதான் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்ததுபோல ஒரு முகம். முதல் நாளே வீவர்ஸ் ஆர்ம்ஸுக்கு வந்து எல்லோருக்கும் பீர் சொன்னார். அதற்காக லென்னி மயங்கவில்லை. பீர் வாங்கிக் கொடுப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். டெலமேர் நேராக அவரிடம் வந்து, தாழ்ந்த குரலில், "அந்த டிரம் அடிக்கிறவர் நீங்கதானே? ஒரே ஒரு தடவை நான் அடிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. லென்னி அவரை வாஷ்ஹவுஸ் லேனுக்கு அழைத்துப்போனார். டெலமேர் ஒரு அடி அடித்துவிட்டு, கண்ணை மூடி, சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"இவ பேர் என்ன?"

"எல்சி சார்."

அடுத்த வாரம் கூட்டத்தின் நடுவே, தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "லென்னி! எல்சி சௌக்கியமா?" என்றார் டெலமேர்.

அவ்வளவுதான். லென்னியின் விலை அது. ஐநூறு என்று சொன்னவர்கள் ரொம்பவே தாராளமாகச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில் லீக் குறுக்கே நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் கையைக் கோத்துக்கொண்டு நின்றாலும் பதிவாளர் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம். கிளப் விற்பனையும் அப்படித்தான். என்ட்விஸில் விற்கலாம், டெலமேர் பணம் கட்டலாம்; லீக் சரி என்று சொல்லாதவரை கிளப் கைமாறாது. மீறினால் அந்தக் கிளப்புக்கு ஆட ஆட்டமே இருக்காது. லீக்கோ கேள்வி மேல் கேள்வி கேட்டது. பணம் எங்கிருந்து வருகிறது? பின்னால் இருப்பது யார்? இதற்கு முன் எதை வாங்கி என்ன செய்தீர்கள்? வாரங்கள் ஓடின. புது ஆட்டக்காரர்களை எடுக்க முடியவில்லை, இருந்தவர்களுக்குச் சம்பளம் இழுத்தது.

ஊர் கொதித்தது. "நம்ம கிளப்பை யார் வாங்கணும்னு சொல்ல இவனுங்க யாரு?" என்று கோலின் மேசையைக் குத்தினார். இது கால்டர்ஷா. பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்கு ஊதா வர்ணம் அடிக்கப் பார்த்தாலே நகராட்சிக்கு ஆட்சேபணை போகிற ஊர். கோலின் தன் மகளைக் கேட்டு வந்த பையனிடம் அவன் தாத்தா எந்த அணியின் ரசிகர் என்பதுவரை விசாரித்தவர். அப்படிப்பட்ட ஊருக்கு, நூறு வருஷக் கிளப்பைக் கேட்டு வந்தவரிடம் நாலு கேள்வி கேட்டது மட்டும் பெரிய அவமானமாகப் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை. லென்னி பேருந்தைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, வேலியோரம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். மைதானத்துக்குள் மஞ்சள் அங்கி போட்ட இரண்டு பேர் முக்காலிக் கருவியை நட்டு வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று கைபேசியில் பேசினான்.

"என்னப்பா, புது கேலரியா?" என்று லென்னி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

அவன் கைபேசியைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, நீங்க இந்த ஊருதானே? சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழும்?" என்றான்.

"இந்த ஊர்ல வெயிலா?"

"விழுந்தா எந்தப் பக்கம்னு சொல்லுங்க. உட்கார்ற ரூமெல்லாம் அந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. அடுப்படி பின்னாடி போயிரும்."

லென்னி மேற்குக் கோடியைக் கையால் காட்டினார். அவன் நன்றி சொன்னான்.

லென்னி சாண்ட்விச்சின் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். கால்பந்து கேலரியில் உட்கார ஆசனம் இருக்கும், அடுப்படி எங்கே இருக்கிறது? அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைத் துடைக்கும் வேலையையும் உடனே ஆரம்பித்தார். பணக்கார விருந்தாளிகளுக்காகக் கட்டுவார்களாயிருக்கும். பெரிய கிளப்புகளில் எல்லாம் இருக்கிறதே, சோபா போட்டு, சாப்பாடு போட்டு. ஆமாம், அதுதான். ஏமாறத் தயாராக இருப்பவனுக்குப் பொய் சொல்ல ஆள் வைக்க வேண்டியதில்லை. அந்தச் செலவையும் அவனே ஏற்றுக்கொள்வான். திரும்பும் பயணத்தில் இரண்டு நிறுத்தங்களில் நிற்காமலே போய்விட்டார். பயணிகள் திட்டினார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பெரிலிடம்கூட.

அந்த வார வெள்ளிக்கிழமை கோலின் ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்தார். லீக் அலுவலகத்து வாசலில் போராட்டம். "நீ எல்சியோட வந்தாத்தான்டா அது போராட்டம். இல்லன்னா அது சுற்றுலா" என்றார். பேருந்து நிரம்பி, நின்றுகொண்டும் வந்தார்கள். வீவர்ஸ் ஆர்ம்ஸை நடத்தும் மேவிஸ் ஒரு கூடை நிறைய சாண்ட்விச் கட்டிக்கொண்டு ஏறினார். கோலின் கையில் ஒரு அட்டை. அதில் விற்பனைகளைப் பரிசீலிக்கும் அதிகாரி மிஸஸ் பென்ரோஸின் முகம், சூனியக்காரித் தொப்பியோடு.

அன்று மழை வேலை மெனக்கெட்டுப் பெய்தது. "போடு போடு கையெழுத்து! போடாட்டி நடையக் கட்டு!" என்று கூட்டம் கத்த, எல்சி முழங்கியது. கொஞ்ச நேரத்தில் தோல் ஈரமாகி, முழக்கம் தொப்தொப்பென்று ஈரத் துணி துவைக்கும் சத்தமானது. லென்னி தன் கோட்டைக் கழற்றி முரசின்மேல் போர்த்தினார்.

கண்ணாடிக் கதவு திறந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். அட்டையில் இருந்த முகம்தான், தொப்பி இல்லாமல். கையில் ஒரு பெரிய பச்சைக் குடை. கூட்டம் ஊளையிட்டது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே லென்னியிடம் வந்து, குடையை விரித்து, முரசுக்கு மேலே பிடித்தார். தான் நனைந்தார்.

"கன்றுத்தோல்தானே? எங்க அப்பா பேண்டுல வாசிச்சவர். நனைஞ்சா கிழிஞ்சிரும். பிடிங்க."

லென்னி பிடித்தார். வேறென்ன செய்வது?

"நீங்க வாரா வாரம் அந்தக் கிரவுண்டுக்குப் போறவர்னு கேள்விப்பட்டேன்" என்றார் மிஸஸ் பென்ரோஸ், குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அங்க யாரோ அளக்குறாங்கன்னு காதுல விழுது. நீங்க ஏதாவது பார்த்தீங்களா? பார்த்தவங்க ஒருத்தர் சொன்னாப் போதும். கிரவுண்டைத் தொடக் கூடாதுன்னு நிபந்தனை போட்டுட்டுத்தான் சம்மதம் கொடுப்போம். அவருக்கு அது ஒத்துக்கலைன்னா, அப்பவே தெரிஞ்சுபோயிரும்."

பின்னால் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. கோலின், "என்னடா லென்னி, சூனியக்காரி உன்னையும் மயக்குறாளா?" என்று கூவ, எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை கண்களும் லென்னியின் கை எப்போது உயரும் என்று பார்த்திருந்தன.

"புது கேலரி கட்டுறாங்க மேடம்" என்றார் லென்னி.

"நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கேலரிதான்."

சொல்லிவிட்டுக் கோலை ஓங்கி எல்சியை ஒரே அடி அடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மிஸஸ் பென்ரோஸ் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் பின்வாங்கி, தலையை ஆட்டி, மழையிலேயே உள்ளே போனார். குடை லென்னியின் கையில் தங்கிவிட்டது.

இரண்டு வாரத்தில் சம்மதம் வந்தது. நிபந்தனை ஏதும் இல்லை. முதல் சனிக்கிழமை டெலமேர் மைதானத்தின் நடுவில் நின்று மஞ்சள் கறுப்புத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்தார். மழை. "என் குடையை எங்கயோ தொலைச்சுட்டேன், பரவாயில்ல, ஒரு கிளப் கிடைச்சுது!" என்றார் ஒலிபெருக்கியில். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது லென்னி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதே மரியாதை. மைதானம் வேறொரு கம்பெனியின் பெயருக்குப் போனது. வாஷ்ஹவுஸ் லேன் கதவில் பூட்டுத் தொங்கியது. டவுன் தன் 'சொந்த' ஆட்டங்களைப் பக்கத்து ஊர்க்காரனின் மைதானத்தில் கடன் வாங்கி ஆடியது. அங்கே முரசுக்கு அனுமதி இல்லை. அந்த மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒருநாள் டெலமேர் எதிர்ப்பட்டார். அப்போதும் அதே முகம். "அட! நீங்களா! எட்னா சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்" என்றார் லென்னி. திருத்தவில்லை.

வாஷ்ஹவுஸ் லேனில் வீடுகள் எழும்பின. பேருந்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது. உட்காரும் அறைகள் எல்லாம் மேற்குப் பார்த்தவை. மாலையில், வெயில் இருக்கும் நாளில், ஜன்னல்கள் தகதகவென்று எரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் வண்டியைத் திருப்ப லென்னி பழகிக்கொண்டார்.

கால்டர்ஷா இப்போது யாரைத் திட்டுவது என்று தேடியது. டெலமேரைத் திட்டிச் சலித்துவிட்டது. அவர் காதில் விழாத திட்டில் ருசி இல்லை. லீக்கைத் திட்டினார்கள். "அவனுங்க என்ன புடுங்கிட்டு இருந்தானுங்க? தடுத்திருக்க வேண்டாமா? எதுக்கு இருக்கானுங்க?" என்று அதே மேசையை அதே கையால் குத்தினார் கோலின். போராட்டத்துக்குப் போன பேருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அதில் ஏறியவர் என்று யாருமே கிடையாது. ஒருத்தருக்கு அன்று பல்வலி. ஒருத்தர் தங்கை வீட்டில். இன்றைய சாட்சியங்களின்படி அந்தப் பேருந்தில் போனது ஓட்டுநரும் லென்னியும் எல்சியும் மட்டுமே.

அந்தச் சமயத்தில்தான், ஒரு ஞாயிறு மத்தியானம், வீவர்ஸ் ஆர்ம்ஸில் கோலின் கேட்டார்: "சும்மாவா அடிச்ச? எவ்வளவுடா குடுத்தான்?"

கேலியாகத்தான் கேட்டார். மேவிஸ் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

ஒன்றுமில்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பின்னே ஏன்? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் 'எல்சி சௌக்கியமா' வர வேண்டும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரும், சாயங்கால வெயில் வரும், 'கேலரிதான் மேடம்' வரும். லென்னி பீரைப் பார்த்தார்.

"ஐநூறு" என்றார்.

ஆச்சரியம் என்னவென்றால், பப் பெருமூச்சு விட்டது. திட்டினார்கள், ஒருத்தன் பீரைத் தரையில் கொட்டினான். ஆனால் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. விலைபோனவனை ஊருக்குப் புரியும். முட்டாளைத்தான் புரியாது, ஏனென்றால் அவனைப் புரிந்துகொள்ளக் கண்ணாடி பார்க்க வேண்டும்.

பெரில் மட்டும் அன்று மாலை கையை நீட்டினாள். "எங்க அந்த ஐநூறு? சமையக்கட்டுல குழாய் ஒழுகி ஒரு வருஷமாச்சு. எடு."

"செலவாயிருச்சு."

"உன் பாக்கெட்டுல அஞ்சு பவுண்டு இருந்தாலே உன் நடை மாறும். எனக்குத் தெரியாதா? நீ வாங்கல. ஏன் வாங்கினேன்னு சொல்ற?"

லென்னி குழாயை இறுக்கப் போனார். அது முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

திருடன் பட்டத்தோடு காலம் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தார். தள்ளியும் இருப்பார். ஆனால் டெலமேர் சக்கையாகிப்போன கிளப்பை விற்கப் போட்டார். வாங்க முன்வந்தது யார்? ரசிகர்களே. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கடை கடையாகக் கேட்டு, கேக் விற்றுப் பணம் சேர்த்துவிட்டார்கள். லென்னியும் போட்டிருந்தார், பெயர் சொல்லாமல், மேவிஸ் வைத்திருந்த டப்பாவில். இனி பாக்கி லீக்கின் சம்மதம். அது வரவில்லை.

லீக் கேட்டது நியாயமான கேள்வி. போன விற்பனையின்போது எங்களை நெருக்குவதற்காக ரசிகர் ஒருவருக்குப் பணம் கைமாறியது என்று ஊரே பேசுகிறது. இப்போது அதே ரசிகர்கள்தான் கிளப்பைக் கேட்கிறார்கள். அது உண்மையா, வாங்கியது ஒருவரா பலரா என்று தெரியாமல் எப்படிச் சம்மதிப்பது? இந்த மாதம் தீராவிட்டால் டவுனுக்கு அடுத்த பருவத்தில் ஆட்டமே கிடையாது. லென்னியின் மானத்தை மூடிய பொய், இப்போது கிளப்பின் கழுத்தில் கயிறாகக் கிடந்தது.

மிஸஸ் பென்ரோஸ் நேரில் வந்தார். மெதடிஸ்ட் மண்டபத்தில் கூட்டம். தேநீர்ப் பாத்திரம் கொதிக்க, பிஸ்கட் தட்டு கைமாறியது. லென்னி கடைசி வரிசையில், முழங்கால்களுக்கு நடுவே பச்சைக் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்தார். அதற்குமேல் எதையும் அவர் தீர்மானித்திருக்கவில்லை.

கோலின் வந்து காதில் கிசுகிசுத்தார். "ரொம்ப யோசிக்காதடா. ஆமா வாங்கினேன், நான் ஒருத்தன் மட்டும்தான் வாங்கினேன், தர்மத்துக்குக் குடுத்துட்டேன்னு சொல்லிரு. உன்னைச் சங்கத்துலேர்ந்து நீக்கிட்டோம்னு நான் எந்திரிச்சுச் சொல்றேன். சோலி முடிஞ்சுது."

"எல்லாரும் தெரிஞ்சதைச் சொல்லலாம்" என்றார் மிஸஸ் பென்ரோஸ் முன்னாலிருந்து. "பணம் கைமாறிச்சா இல்லையா? எனக்கு அது மட்டும் போதும்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. லென்னி எழுந்தார். இத்தனை பேர் அவர் கையைப் பார்ப்பது வழக்கம்தான்; கையில் கோல் இல்லாமல் இதுவே முதல் தடவை.

"வாங்கல" என்றார்.

"டேய்" என்றார் கோலின்.

"ஒரு பென்னிகூட வாங்கல. நான்தான் வாங்கினேன்னு பொய் சொன்னேன்."

"ஏன்?" என்று கேட்டது மிஸஸ் பென்ரோஸ் அல்ல, நாலாவது வரிசையில் இருந்த பெரில்.

லென்னி சொன்னார். அழகாகச் சொல்லவில்லை. எல்சியை நலம் விசாரித்ததிலிருந்து தொடங்கி, நடுவில் சாண்ட்விச்சுக்குப் போய், வேலிக்குத் திரும்பினார். "அடுப்படி பின்னாடி போகும்னு அந்தப் பையன் சொன்னான். வெயில் எந்தப் பக்கம்னு கேட்டான். நான்தான் கையக் காட்டினேன். வீடுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க கேட்டீங்க. கேலரின்னு சொன்னேன்." கடைசியாக, "எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க" என்றார். அது ஒரு காரணம் போலவும் இருந்தது, புகார் போலவும் இருந்தது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒருத்தர் கரைந்துபோன சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். இன்னொருத்தர் கூரையில் எதையோ கண்டுபிடித்திருந்தார். பெரில் தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"பணமாவது வாங்கியிருக்கலாமே, கண்ணு" என்றார் மேவிஸ், மெதுவாக. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இவன் மட்டும்தான் மேடம்" என்று கோலின் எழுந்தார். "நாங்க யாரும் அன்னிக்குப் பேருந்துல..."

"நீங்க இருந்தீங்க" என்றார் மிஸஸ் பென்ரோஸ். "என் படத்தைப் பிடிச்சுட்டு இருந்தீங்க. தொப்பி போட்டு."

கோலின் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். பிறகு, தாங்களும் அந்தத் தொப்பிக்குச் சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், நகர்த்தியதை நிறுத்தினார்கள்.

"ஒரே ஆள் சொன்னதைக் கேட்டு முடிவு பண்ணது நான்" என்றார் மிஸஸ் பென்ரோஸ். அவர் கழுத்தும் சிவந்திருந்தது. "பஸ் ஏறி வந்து நானே பார்த்திருக்கலாம். கடைசி நிறுத்தம்தானே. வரல." தன் பேனாவை மூடினார். "சரி. பணம் கைமாறல. டெலமேர்கிட்டேர்ந்து இவருக்கு எதுவுமே வரல. அப்படித்தானே?"

"எதுவுமே வரல மேடம்" என்றார் லென்னி. இந்த ஒன்றையாவது தலை நிமிர்ந்து சொல்ல முடிந்ததில் ஒரு ஆறுதல். நடந்துபோய்ப் பச்சைக் குடையை இரண்டு கையாலும் நீட்டினார். "அன்னிக்கு நீங்க குடுத்தது. திருப்பிக் கொண்டாந்து குடுக்க முகம் இல்லாம வச்சிருந்தேன்."

மிஸஸ் பென்ரோஸ் குடையைப் பார்த்தார். பிறகு லென்னியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இது என்னோடது இல்ல."

"அன்னிக்கு நீங்கதானே..."

"அவசரத்துல வாசல்ல இருந்ததை எடுத்துட்டு வந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்குக் காலைல எங்ககிட்டப் பேச வந்தவர் மறந்து விட்டுட்டுப் போனது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "டெலமேரோடது."

முதலில் சிரித்தது பெரில். அது சந்தோஷச் சிரிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்து மேவிஸ். லென்னி நீட்டிய கையோடு நின்றார். இவ்வளவு நேரம் உண்மையைச் சொல்லிவிட்டு, 'எதுவுமே வரல' என்று தலை நிமிர்ந்து சொன்ன அந்த ஒரு வாக்கியமும் பொய்யாகிப் போனது.

"இதையும் சேர்த்து எழுதிக்கிறேன்" என்றார் மிஸஸ் பென்ரோஸ். "ஒரு குடைக்காக விற்பனையை நிறுத்த மாட்டோம். ஆனா உரியவர்கிட்டக் குடுத்துருங்க."

சம்மதம் வந்துவிட்டது. டவுன் இப்போது ஊர்க்காரர்களுடையது. ஊருக்கு வெளியே, ரக்பிக்காரர்களின் மைதானத்தில் ஆடுகிறது. கேலரியில் எல்சி இருக்கிறாள். அடிப்பது வேறொருவர். லென்னி மூன்று வரிசை தள்ளி நின்று, மற்றவர்கள் வாயைத் திறக்கும்போது தானும் திறக்கிறார். ஐநூறு என்று சொன்னவர்கள் இன்னும் ஐநூறு என்றே சொல்கிறார்கள். அன்று மண்டபத்தில் இருந்தவர்களும்தான்.

டெலமேர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தெற்கே ஏதோ ஒரு கிளப்பை விலை பேசுவதாகக் கேள்வி. குடை லென்னி வீட்டு வாசல் கொக்கியில் தொங்குகிறது.

"கொட்டுது பாரு. அதை எடுத்துட்டுப் போயேன்" என்கிறாள் பெரில், ஒவ்வொரு மழைக்கும்.

"அது வேற ஒருத்தரோடது" என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பேருந்து நிலையம்வரை நனைந்தே போகிறார் லென்னி.